உடைத்துப் பார்ப்பவர்

அவர் எதையும் நேரே கடித்து நான் பார்த்ததில்லை. ரொட்டியோ பிஸ்கட்டோ முறுக்கோ, கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் இரண்டாக உடைப்பார். உடைந்த இடத்தை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகு "பொன்" என்பார். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம். அதைச் சொன்ன பிறகுதான் சாமான் வாய்க்குள் போகும்.

என் கல்யாணப் பந்தியில் லட்டைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "முந்திரி இருக்குது" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். என் மாமியாருக்கு அந்தக் கோபம் கடைசிவரை தீரவில்லை. "முந்திரி போடாமதான் லட்டு புடிப்பமா எங்க வூட்ல? பெரிய மனுசன் பேசற பேச்சா இது?" என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம், அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். பிரெஞ்சுக் கடற்படையின் பட்டறையில் கப்பல் தகடுகளைப் பற்றவைத்து வயதாகி, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். குருசுக்குப்பத்தை ஒட்டி வீடு. அவரைப் போன்ற பென்ஷன்காரர்கள் சாயங்காலமானால் தொப்பி வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள். இவரை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. குண்டையும் உடைத்துப் பார்த்துவிடுவார் என்ற பயம்தான் காரணம் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

குண்டு உருட்டாத நேரத்தில் அவர் சங்கம் நடத்தினார். வெல்டிங் தொழிலுக்கென்று நாடு முழுக்கப் பரவிய ஒரு சங்கம் உண்டு. என்ஜினீயர்களும் அதில் இருப்பார்கள், கம்பெனிக்காரர்களும் இருப்பார்கள், எங்களைப் போல வெல்டிங் ராடு பிடிக்கிறவர்களும் சேரலாம். தலைமை அலுவலகம் வடக்கே எங்கேயோ. அதன் கிளை ஒன்றைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தவர் இவர். பெரிய வாய்க்கால் ஓரத்தில் ஓர் எண்ணெய் வியாபாரியின் பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து, ஒரு வெல்டிங் செட்டும், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸும் போட்டுவிட்டார். சுவரில் இருந்த எண்ணெய்க் கறை கடைசிவரை போகவில்லை. மழைக்காலத்தில் எள் வாசனை வரும்.

நான் அப்போது மில்லில், மெயின்டனன்ஸ் பிரிவில் வெல்டர். சங்கத்தில் சேர்ந்தேன் என்றதும் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, எந்தக் கொடி என்று கேட்டார். கொடியெல்லாம் இல்லை, தொழில் கற்றுத்தருகிற சங்கம் என்றேன். நம்பவில்லை. கேட்டுக்கு வெளியே யூனியன்காரர்கள் பிடித்துக்கொண்டு, முதலாளி ஆரம்பித்த சங்கமா என்று கேட்டார்கள். அவர்களும் நம்பவில்லை. இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டதால் எனக்கே அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அங்கே என்ன நடந்தது என்றால், சாயங்கால வகுப்பு நடந்தது. மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது, தகட்டின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்ப்பது, வரைபடத்தைப் படிப்பது எல்லாம் சொல்லித் தந்தார்கள். லேத் பட்டறைக்காரர், பஸ் பாடி கட்டுகிறவர், படகு என்ஜின் ரிப்பேர் செய்கிறவர் என்று தலை நரைத்தவர்கள்கூட பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். எப்போதாவது வெளியூர் என்ஜினீயர் வந்து திரையில் படம் காட்டுவார். தேர்வு வைத்து, தேறினால் சங்கத்தின் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு எங்கள் வேலைக்காக முசியேவே கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார். அதுவரை எங்களுக்கு வேலை என்பது யாராவது தெரிந்தவர் சொல்லி, யாராவது பார்த்துப் போட்டுக் கொடுப்பது. சங்கம் வந்த பிறகுதான் இது ஒரு தொழில், இதில் படிப்படியாக மேலே போகலாம் என்று எங்களுக்கே தெரிந்தது.

தேர்வு என்றால் உடைப்புதான். இரண்டு தகடுகளை ஒன்றாகப் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். முசியே அந்த வெல்டின் மேலேயே ரம்பத்தால் ஒரு கோடு இழுத்து, வைஸில் பிடித்து, சுத்தியலால் ஒரே போடு போடுவார். சரியாக அந்தக் கோட்டில் உடையும். முதல் தடவை பார்க்கிறவன் அத்தனையும் போச்சு என்று நினைப்பான். முசியே சிரிப்பார்.

"எல்லாமே ஒடையும்பா. நான் ஒடைச்சா ஒடையாம இருக்குமா? ஒடைஞ்ச எடத்துல இன்னா தெரியுது, அதச் சொல்லு."

உள்ளே ஓட்டை இல்லாமல், கசடு இல்லாமல், ஒரே சாம்பல் நிறத்தில் பொடிக் கற்கண்டு மாதிரி மின்னினால் "பொன்". இல்லாவிட்டால் துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார்: "ஒடையறதுன்னா இங்க ஒடையட்டும்." ஒரு நாளும் அதைக் கோபமாகச் சொன்னதில்லை. பல் பிடுங்குகிற டாக்டர் வாயைத் திறக்கச் சொல்கிற மாதிரி சொல்வார்.

இந்தப் புத்தியைக் கிடங்குக்குள்ளே வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. மாதா கோயில் கூடத்துக்குப் புதிதாகக் கேட் போட்டார்கள். சாமியார் மந்திரித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம். முசியே பையிலிருந்து சின்ன சுத்தியலை எடுத்து, கீழ்க் கீலை ஒரு தட்டுத் தட்டினார். கேட் சாய்ந்தது. போட்ட காண்ட்ராக்டருக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. "உமக்கு இன்னா பூசையில வேற வேல இல்லியா முசியே?" என்று கத்தினார். முசியே அமைதியாக, "நாளைக்கு ஞானோபதேசத்துக்குப் புள்ளைங்க வரும். ஏறித் தொங்கும்" என்றார். அத்தோடு விடவில்லை. மறுநாளே அந்தக் காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போய் அவரைச் சாயங்கால வகுப்புக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தார். முறைத்துக்கொண்டே ஒரு மாதம் கழித்து அந்த மனிதரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் மனைவியை நாங்கள் மதாம் என்போம். ஒரு தடவை சங்கத்துக்காரர்களுக்கு வீட்டில் விருந்து வைத்தபோது அந்தம்மா எங்களிடம் சொன்னார்: "இந்த வூட்ல சேதாரம் இல்லாத பீங்கான் கிடையாதுப்பா. எல்லாத்தயும் தட்டிப் பாப்பாரு. என்னக் கட்டுனப்ப மட்டும் தட்டிப் பாக்காம வுட்டுட்டாரு." முசியே தலையைக் குனிந்துகொண்டு மீனில் முள் எடுத்தார்.

இனி ராடு கதைக்கு வருகிறேன். என்னைப் பாடாய்ப் படுத்திய கதை அது.

கனமான வேலைக்கு உபயோகிக்கிற வெல்டிங் ராடுக்கு ஈரம் ஆகாது. மேல்பூச்சு ஈரத்தைக் குடித்துவிட்டால் வெல்டுக்குள் காற்றுக் குமிழி விழும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரிலோ கடல் காற்று மூடி வைத்த உப்பைக்கூடக் கரைத்துவிடும். அதனால் ராடைச் சுட்டுக் காயவைத்து, சூடு ஆறும் முன் இறுக்கமாக மூடிய டப்பாவில் போட வேண்டும். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று மின்சார அடுப்பு உண்டு. சங்கத்துக்கு அதெல்லாம் எட்டாது. முசியே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்துத் தெருவில் விறகடுப்பு வைத்த ரொட்டிக்கடை. காலை ரொட்டி வெளியே வந்ததும் அடுப்புக்குள் மிச்சம் இருக்கிற சூட்டில் எங்கள் ராடு உள்ளே போகும். கடையம்மா கூலி வாங்க மாட்டாள். கடையின் தட்டு, சட்டி எது உடைந்தாலும் சங்கத்தில் பற்றவைத்துக் கொடுத்துவிடுவோம். புதுச்சேரியில் ரொட்டி அடுப்பில் வெந்த ராடில் படித்தவர்கள் நாங்கள்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மில்லில் கதவடைப்பு வந்தது. திறப்பார்கள் திறப்பார்கள் என்று பார்த்து, திறக்கவில்லை. நானும் மனைவியும் புதுச்சேரியிலேயே கதிர்காமத்தில் இருந்த மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமியார் எனக்குச் சோறு போடும்போது கரண்டியைத் தட்டில் தட்டுவாள். ஒட்டிய பருக்கை விழத்தான் தட்டினாள். ஆனால் வேலையில்லாத மாப்பிள்ளை காதில் அது வேறு மாதிரி விழும். அந்தச் சத்தத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

அப்போதுதான் முசியே அலையாய் அலைந்து, பம்பாய்ப் பக்கத்துக் கப்பல் பட்டறை ஒன்றிலிருந்து ஓர் அதிகாரியை எங்கள் கிடங்குக்கு வரவழைத்தார். தமிழ்க்காரர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். நேரில் தேர்வு பார்த்து, தேறியவர்களைக் கையோடு வேலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மில் ஆட்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம்.

என் கையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்லத்தான் போகிறேன். நான் வைத்த வெல்டு மீன் செதில் மாதிரி வரிவரியாக, ஒரே அளவாக அடுக்கி இருக்கும். பார்க்கிறவர்கள் விரலால் தடவிப் பார்ப்பார்கள். அன்றைக்கு நெருப்பு கொஞ்சம் சடசடத்தது. மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் ஊரில் எந்தக் குற்றத்தையும் மின்சாரத்தின் மேல் போட்டுவிடலாம். ஆனாலும் என் தகடு அழகாகத்தான் வந்தது.

முசியே முதல் துண்டை உடைத்தார். பார்த்தார். "பொன்" வரவில்லை. இரண்டாவதை உடைத்தார். உள்ளே ஊசியால் குத்தியது போல ஓட்டைகள். மூன்றாவதும் அப்படித்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக எல்லோருடையதும் போய், கடைசியில் என்னுடையது மட்டும் மேஜையில் இருந்தது.

அதிகாரி அதைக் கையில் எடுத்தார். விரலால் தடவினார்.

"இதை விட்டுடுங்க சார். மேல பாத்தாலே தெரியுது, நல்ல கை. இவரை நான் எடுத்துக்கறேன். வந்ததுக்கு ஒருத்தராவது கிடைச்சாரே."

என் மனசு அந்த நிமிஷம் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டது. மாமியார் கரண்டி பின்னால் எங்கேயோ சின்னதாகத் தெரிந்தது. முசியே என்னைப் பார்த்தார். வேண்டாம் முசியே, வேண்டாம் என்று என் கண் சொன்னதை அவர் படித்திருப்பார். படிக்காமல் இருக்க முடியாது.

அவர் என் தகட்டை வாங்கி வைஸில் வைத்தார். ரம்பத்தை எடுத்தார்.

"முசியே, அதான் அவரே வேணாங்கறாரே" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"ஒடையறதுன்னா இங்க ஒடையட்டும்பா."

ஒரே அடி. அழகான செதிலுக்குக் கீழே, ரொட்டியைப் பிட்டால் தெரிகிற பொந்து மாதிரி முழுக்க ஓட்டை. முசியே அதை மறைக்காமல் அதிகாரியின் கையிலேயே கொடுத்தார். அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். இன்னொரு நாள் தங்குங்கள், ராடைப் பார்க்கிறேன், மறுபடியும் வைக்கிறோம் என்று முசியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனார். அவர் நிற்கவில்லை.

திரும்பி வந்தவர் எங்களையும் கூட்டிக்கொண்டு நேரே ரொட்டிக்கடைக்குப் போனார். அங்கே வேலைக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். விழுப்புரத்துக்காரி. அடுப்பிலிருந்து வந்த ரொட்டி மேல் தண்ணீர் தெளித்து ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டிருந்தாள். மேல்தோல் வெடிக்காமல் இருக்க அப்படிச் செய்வார்கள். முசியே அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க ராடு வந்துதே, அதுக்கும் இப்புடித்தான் செஞ்சியாம்மா?"

"ஆமாங்க முசியே. பாவம், கொதிக்கக் கொதிக்க வந்துது. காஞ்சி வெடிச்சிடப் போவுதேன்னு நல்லா தண்ணி தெளிச்சி மூடி வெச்சேன். அப்பறம்தான் டப்பாவுல போட்டுக் குடுத்தேன்" என்றாள் அவள், ரொம்பத் திருப்தியாக.

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. முசியே அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு ரொட்டி வாங்கினார். உடைத்தார். "பொன்" என்றார். அவளிடம் ராடு வேறு, ரொட்டி வேறு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நான் அங்கிருந்து நேரே கதிர்காமம் போய்விட்டேன். கிடங்குப் பக்கம் மறுபடி கால் வைப்பதில்லை என்று தீர்மானம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் சைக்கிளில் கதிர்காமம் வருவார். ஹேண்டில்பாரில் ரொட்டிப் பை தொங்கும். மணிச் சத்தம் கேட்டால் நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். என் மனைவி மோர் கொடுத்து, "அவரு இல்லீங்க முசியே" என்பாள். "சரிம்மா, இருக்கறப்ப வரேன்" என்பார், கொல்லைப்புறம் கேட்கிற மாதிரி. ரொட்டியை வைத்துவிட்டுப் போவார். என் மாமியார் அதைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டே அவரைத் திட்டுவாள்.

ஒரு நாள் என் மனைவி பொறுக்காமல் கேட்டாள்: "அவரு ஒடைக்காம வுட்டுருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"நான் பம்பாயில இருந்திருப்பேன்."

"போயி இன்னா பண்ணியிருப்ப? ராடு நனைஞ்சிதுன்னு ஒனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. உள்ள ஓட்டையா இருக்கறது தெரியாமலே கப்பலுக்கு வெச்சிருப்ப."

"கப்பல்ல நல்ல ராடு குடுப்பாங்கடி."

"அது ஒனக்குத் தெரியும். ஓட்ட ராடாலயா, ஒன் கையாலயான்னு ஒடைச்சவருக்கு எப்புடித் தெரியும்?"

அவள் பேசியது சரிதான். ஆனால் சரியான பேச்சு பசியை ஆற்றாது. எனக்குக் கோபம் போகவில்லை.

மழைக்காலம் முடிந்து, முசியே ஒரு நாள் பூசை இல்லாத நாளில் வந்தார். நான் ஒளிய நேரமில்லை. சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார்: "அந்தாளு திரும்ப வந்துருக்கான். கெடங்குல ஒக்காந்துருக்கான். வா."

போனேன். அதே அதிகாரி. எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நான் எத்தனையோ ஊர்ல ஆள் எடுத்திருக்கேன். எல்லா இடத்துலயும் ஆளை எங்க தலையில கட்டத்தான் பாப்பாங்க. நான் எடுத்துக்கறேன்னு சொன்ன ஆளையும் உடைச்சுக் காட்டினவர் இவர் ஒருத்தர்தான். அதை எங்க பட்டறையில சொன்னேன். அந்த மனுஷன் கையெழுத்து போட்ட ஆளுங்கதான் வேணும்னு அனுப்பிட்டாங்க" என்றார்.

இந்தத் தடவை ராடை முசியே தானே அடுப்பில் வைத்து, தானே எடுத்தார். விழுப்புரத்துப் பெண் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் காவல் நின்றாள். என் துண்டு உடைந்தது. உள்ளே மாசு மருவில்லை. முசியே அதைப் பார்த்து "பொன்" என்றார். எங்களில் பாதிப்பேருக்கு மேல் தேறினோம். அதற்குப் பிறகு எங்கள் கிளையின் சான்றிதழ் என்றால் அந்தப் பட்டறையில் மறுதேர்வு கிடையாது. எனக்குப் பின்னால் புதுச்சேரியிலிருந்து எத்தனையோ பேர் அந்தக் காகிதத்தைக் காட்டி உள்ளே போனார்கள். நான் போகப்போக சார்ஜ்மேன், அதாவது மேஸ்திரி, ஆனேன். அங்கே முதல் நாள், சங்கத்துக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நேரே வேலைக்குப் போகச் சொன்னபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஒடைச்சுப் பார்க்காம எப்படி விடுறாங்க என்று தோன்றியது.

எண்பதுகளின் பாதியில் மதாம் இறந்துபோனார். பிரான்சில் இருந்த மகன் அப்பாவை அங்கேயே வந்துவிடச் சொன்னான். நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். கிடங்கில் வழியனுப்பு. கேட் காண்ட்ராக்டர்தான் இப்போது கிளைச் செயலாளர். மாலை போட்டார்கள், பேசினார்கள். கடையம்மா கூடை நிறைய ரொட்டி அனுப்பியிருந்தாள். பேசியதில் யாருக்கும் கோர்வையாக வரவில்லை. அவர் இல்லாமல் இந்த இடத்தில் யார் உடைப்பார்கள் என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

பரிசு என் வேலை. உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்பு நங்கூரம். தண்டையும் கொக்கியையும் பற்றவைத்து, மீன் செதில் மாதிரி வரி எடுத்திருந்தேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். கை மெதுவாக மேஜைப் பக்கம் போய் எதையோ தேடியது.

நான் சுத்தியலையும் ரம்பத்தையும் எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னாபா, பரிச ஒடைக்கச் சொல்றியா?"

"ரெண்டா செஞ்சிருக்கேன் முசியே. ஒண்ணு ஒடைக்க, ஒண்ணு எடுத்துட்டுப் போவ" என்று துணிக்குள்ளிருந்து மற்றதையும் எடுத்து வைத்தேன். கிடங்கே சிரித்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வைஸில் வைத்து ரம்பத்தால் கோடு இழுத்தார். ரம்பம் இரண்டு தடவை வழுக்கியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. ஒரு அடியில் உடையவில்லை. மூச்சு வாங்கி மறுபடி அடித்தார். உடைந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்தார்.

"பொன்."

முழு நங்கூரத்தைத் துணியில் சுற்றி அவர் பையில் வைக்கப் போனேன். முசியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இங்க இருக்கட்டும். அதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது."

உடைந்த இரண்டு துண்டுகளையும் கைக்குட்டையில் முடிந்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.